எங்க வூட்டுல

ஒரு பெண்மணி பேசிய சில வாக்கியங்களை நான் திருத்தி அச்சில் போட்டேன். அவரைக் கேட்காமல் போட்டேன். கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேலைக்காலம் முழுவதும் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவன். பிள்ளைகளின் தாள்களைத் திருத்தித் திருத்திக் கை பழகியவன். ஒரு வாக்கியத்தைப் பார்த்தால் அது இன்னும் எப்படி இருந்திருக்கலாம் என்றுதான் என் புத்தி போகும். அப்படிப் போனதன் பலனை நான் அனுபவிக்கவில்லை. மற்றவர்கள் அனுபவித்தார்கள். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டுப் பூசி மெழுகினால் அது அவருக்குச் செய்யும் இன்னொரு அநியாயம். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பெரம்பலூரில் நாங்கள் சிலர் ஒரு திரைப்பட வட்டம் நடத்துகிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டுடோரியல் மாடியில் திரையிடல். ஒரு மாதம் பிரெஞ்சுப் படம், மறு மாதம் அமெரிக்கப் படம். தொடங்கும் முன் நான் எழுந்து கதையைத் தமிழில் சொல்வேன். முடிந்ததும் கலந்துரையாடல். பேசியதையெல்லாம் சுருக்கி நான்கு பக்க இதழாக அச்சடித்து, அதையே வாட்ஸாப்பிலும் அனுப்புவோம். எழுதுபவன் நான்தான்.

அவர் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். அரசு மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநர். நாற்பதைத் தாண்டியிருப்பார். கடைசி வரிசையில் கதவை ஒட்டிய நாற்காலிதான் அவருடையது. எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவோம். அவர் மட்டும் செருப்பை ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்வார். யாரோ கேலி செய்தபோது, "அவசரமா கெளம்பணும்னா தேடிக்கிட்டு நிக்க முடியாதுங்க" என்றார். மாடியில் அப்படி என்ன அவசரம் வந்துவிடும் என்று நாங்கள் சிரித்தோம்.

அவர் முதன்முதலாக வாய் திறந்தது ஒரு பிரெஞ்சுப் படத்துக்கு. ஒரு கணவனும் மனைவியும் பிரியலாமா வேண்டாமா என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படம் முழுக்கப் பேசுகிறார்கள். நான் தொடக்கவுரையில் அந்தப் படத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருந்தேன். அதனால் முடிந்ததும் ஆளாளுக்கு ஆழமான படம் என்றார்கள். ஒரு வழக்கறிஞர் நண்பர் 'மௌனத்தின் வலி' என்றார்; படத்தில் மருந்துக்குக்கூட மௌனம் கிடையாது. அவர் முறை வந்தது.

"ரெண்டு பேருக்கும் பசிக்கலைங்க சார். அவ்ளோ நேரமா தட்டு முன்னாடி இருக்கு, ஒரு வாய் எடுத்து வெக்கல. பசிச்சிருந்தா பாதியிலயே சமாதானம் ஆயிருப்பாங்க."

'சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, படுக்கும்போது ஒண்ணு' என்று மாத்திரையைக் கொடுக்கும் குரலிலேயே சொன்னார். யாரையும் மட்டம் தட்டும் எண்ணம் அதில் இல்லை. கேட்டீர்கள், சொன்னேன், அவ்வளவுதான்.

அதன்பிறகு அவர் என்ன சொல்வார் என்று கேட்பதற்காகவே சிலர் வரத் தொடங்கினார்கள். கடலையே காட்டிக்கொண்டிருந்த இன்னொரு பிரெஞ்சுப் படத்துக்கு, "நடுவுல தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தப்பவும் அதே கடல்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. நான் எதையும் விட்டுட்டதா தெரியல" என்றார். அமெரிக்கப் படங்களில் அவருக்குப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது: அந்த நாட்டில் அக்கம்பக்கம் என்று எதுவும் கிடையாதா? நடுத்தெருவில் துப்பாக்கி வெடிக்கிறது, ஒரு சனம் எட்டிப் பார்க்கவில்லையே? பண்டிகைக்கு ஒரு குடும்பம் கூடுகிற படம் ஒன்று. எல்லோரும் கண் கலங்கினோம். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "நிமிஷத்துக்கு ஒரு தடவ கட்டிப் புடிச்சுக்கிட்டு உன் மேல உசுரா இருக்கேன்னு சொல்லிக்கிறாங்கன்னா அந்த வூட்டுல ஏதோ சரியில்ல சார்" என்றார். என்னையும் விட்டுவைத்ததில்லை. "சார் சொன்ன கதை வேற, படத்துல வந்த கதை வேற. சார் சொன்னதுல அந்தம்மா நல்லவங்க" என்று ஒருநாள் சபையில் சொல்லிவிட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.

ஆனால் அவர் பேச்சில் ஒன்று மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் திரும்ப வரும். எந்தப் படமானாலும் அவர் கண் முதலில் கதவுக்குத்தான் போகும். தாழ்ப்பாளை எங்கள் பக்கம் தாப்பா என்போம். தாப்பா எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பார். பணக்கார விதவை ஒருத்தியின் மாளிகையில் நடக்கும் பிரெஞ்சுப் படம் ஒன்று. வேலைக்காரப் பெண் பூ வைத்துக்கொண்டு சிரித்தபடி வருகிறாள், வெயில், தோட்டம். படம் ஆரம்பித்துச் சிறிது நேரம்தான் ஆகியிருக்கும். பின்னாலிருந்து அவர் குரல் மெல்லக் கேட்டது: "இந்தப் பொண்ணு வெளிய வராது." கடைசியில் அப்படியே ஆயிற்று. எப்படித் தெரிந்தது என்று கேட்டோம்.

"மாடி ரூமுக்கு வெளிப்பக்கம் தாப்பா வெச்சிருந்தாங்களே, பாக்கலியா? உள்ள இருக்கறது வெளிய வந்துடக் கூடாதுன்னாதான் வெளிப்பக்கம் வெப்பாங்க. உள்ள நெல்லு மூட்ட இருந்தா சரி."

அன்றிலிருந்து சிலர் அவரைத் 'தாப்பா மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரிக்கவும் இல்லை.

அவருடைய கணவர் அதே தடத்தில் ஓடும் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். சாதுவான மனிதர். சில ஞாயிறுகளில் அவர் பஸ்ஸிலேயே இவர் வருவார். காசு கொடுத்து டிக்கெட் வாங்கித்தான் வருவார். அதைப் பற்றிக் கேட்டால் கணவர், "இனாமா ஏறுனா சீட்டுக்கு சண்ட போட முடியாதாம்" என்று சிரிப்பார். மாடிக்கு மட்டும் வரமாட்டார். "எனக்கு சினிமாவெல்லாம் ஆவாதுங்க. அவ வந்து சொல்லுவா, அதுவே போதும்." அவருக்கு இது இரண்டாம் கல்யாணம் என்பதும், முதல் மனைவி மஞ்சள் காமாலையில் போய்விட்டார் என்பதும் எனக்குக் காதுவாக்கில் வந்த செய்தி. அதைத் தெரிந்துவைத்திருந்தது என் கெட்ட நேரம்.

சென்ற ஆண்டு ஓர் அமெரிக்கப் படம் போட்டோம். பரந்த சமவெளியில் தனியாக ஒரு பண்ணை வீடு, சுற்றிலும் பனி. மூத்த மகள் யாரோடோ போய்விட நினைக்கிறாள். அதன்பின் அவளைப் படத்தில் காட்டுவதே இல்லை. தாய் மாவு பிசைகிறாள், தகப்பன் விறகு பிளக்கிறான், தம்பி தங்கைகள் பாடம் படிக்கிறார்கள். மேலே எங்கோ தட்டும் சத்தம் கேட்கிறது, பிறகு கேட்பதில்லை. கடைசிக் காட்சியில் சவப்பெட்டி, பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சாப்பாடு கொண்டுவருகிறார்கள். ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. விளக்கைப் போட்டதும் நான் பெருமையோடு தயாரித்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்: இந்தப் படத்தில் குற்றம் எந்தக் காட்சியில் நடக்கிறது?

அவர் எழுந்து நின்றார். அதற்கு முன் அவர் நின்றுகொண்டு பேசியதில்லை.

"சமையக்கட்டுல நடக்குது சார். அந்தம்மா ரொட்டி சுட்டுச்சே, அங்க. எங்க வூட்டுலயும் இப்படித்தான். தாப்பா வெளிப்பக்கம். தட்டுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, நாங்க சாப்புட்டோம். மறுநாள் கேட்டவங்களுக்கு வயித்து வலின்னு சொன்னோம்."

யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். எங்கள் பகுதியில் 'வயித்து வலி' என்றால் என்ன அர்த்தம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கல்யாண வயதுப் பெண் திடீரென்று செத்துப்போனால் ஊருக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லப்படும் நோய் அது.

அன்று மாலையே இதழுக்கு எழுத உட்கார்ந்தேன். கல்யாணமான பெண் ஒருத்தி 'எங்க வூட்டுல' என்று சொன்னால் அது பிறந்த வீடாக இருக்கலாம், புகுந்த வீடாக இருக்கலாம். கணவனையேகூட அப்படித்தான் சொல்வார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்த முதல் மனைவி கதையை வைத்து நானே முடிவுசெய்தேன். 'சாப்புட்டோம்', 'சொன்னோம்' என்பதில் எதற்கு இவர் தன்னையும் சேர்த்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். புகுந்த வீட்டுப் பழியைத் தன் தலையிலும் போட்டுக்கொள்ளும் பெண்களின் பழக்கம் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அச்சில் இப்படி வந்தது: 'என் கணவர் வீட்டிலும் இதுதான் நடந்தது. வெளியே தாழிட்டுவிட்டு, தட்டும் ஓசையைக் கேட்டுக்கொண்டே உண்டார்கள். மறுநாள் வயிற்றுவலி என்று ஊரை நம்பவைத்தார்கள்.' கீழே, 'அரியலூரிலிருந்து வரும் மருந்தாளுநர் சகோதரி' என்று போட்டேன். பெயரைப் போடாததை நாகரிகம் என்று எண்ணிக்கொண்டேன். படித்துப் பார்த்தேன். நன்றாக வந்திருப்பதாகத் தோன்றியது.

இதழ் எங்கள் குழுவிலிருந்து வேறு குழுக்களுக்குப் போயிற்று. இறந்துபோன முதல் மனைவியின் அண்ணன்மார் இரண்டு பேர் கையிலும் போய்ச் சேர்ந்தது. அவர்கள் கல்லங்குறிச்சி நிறுத்தத்தில் பஸ்ஸில் ஏறினார்கள். டிக்கெட் கேட்டு வந்த கண்டக்டரிடம், கூட்டத்துக்கு நடுவில், சத்தம்கூடப் போடாமல், "எங்க தங்கச்சிய எந்த ரூம்ல வெச்சு பூட்டுன?" என்று கேட்டார்களாம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பயணிகளில் ஒருவர் தன் போனை நீட்டி அவரையே படிக்கச் சொல்லியிருக்கிறார். பஸ் முதலாளி, கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெண்மணி எனக்குப் போன் செய்தது அன்றைக்குத்தான். கணவரைப் பற்றித்தான் முதலில் பேசுவார் என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"சார், நான் 'சாப்புட்டோம்'னு சொன்னேன். நீங்க 'உண்டார்கள்'னு போட்டிருக்கீங்க."

பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றும்போது என்று ஏதோ உளறினேன்.

"எழுத்துத் தமிழ்ல 'உண்டோம்'னு வருமே சார்."

அவரே சொன்னார். வீடு என்றது பிறந்த வீடு. மீன்சுருட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அவருடைய அக்கா, வேறு தெருப் பையன் ஒருவனைக் கட்டிக்கொள்ள விரும்பினாள். அப்பாவும் அண்ணனும் அறையில் வைத்துப் பூட்டினார்கள். உள்ளே பூச்சிமருந்து பாட்டிலையும் வைத்தார்கள். இவர் அப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். அக்கா கதவைத் தட்டிக் கூப்பிட்டது இவரைத்தான், இவர் பெயரைச் சொல்லித்தான். அம்மா சோறு போட்டாள், இவர் சாப்பிட்டார். அப்பா இப்போது இல்லை. அண்ணன் ஊரில் பெரிய மனிதர்.

இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அந்த வூட்டுல இப்ப அண்ணன் பொண்ணு இருக்கு சார். காலேஜ நிறுத்திட்டாங்க. போன புடுங்கிட்டாங்க. பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லன்னு ஊருல சொல்ல ஆரம்பிச்சிருக்காங்க. போலீஸ்ல போய் எழுதிக் குடுக்கலாம்னு இருந்தேன். அதுக்கு முன்னாடி எங்கயாவது ஒரு தடவ வாய் விட்டு சொல்லிப் பாக்கணும். வாயிலேருந்து வருதான்னு பாக்கத்தான் உங்க முன்னாடி சொன்னேன்."

உடனே திருத்தம் போடுகிறேன் என்றேன். இது பொதுவாகப் படத்தைப் பற்றிச் சொன்னது, யார் வீட்டையும் குறித்ததல்ல என்று போட்டுவிட்டால் கணவர் மேல் விழுந்த பழி போய்விடும் என்றும் யோசனை சொன்னேன்.

"அப்ப எங்கக்கா வயித்து வலியிலதான் செத்துச்சுன்னு நீங்களும் எழுதப் போறீங்க" என்றார். பிறகு, "சொன்னத சொன்ன மாதிரி போடுங்க சார். அந்தப் பொண்ணுக்கு நாள் அதிகம் இல்ல" என்று வைத்துவிட்டார்.

போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாரமே அவருடைய அண்ணன் என் வீட்டுக்கு வந்தார்.

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நல்ல கார். செருப்பை வாசலில் ஓரமாகக் கழற்றிவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தார். தோட்டத்து முந்திரி என்று ஒரு பை கொடுத்தார். என் மனைவி காபி கொடுத்தாள். காபி பிரமாதம் என்றார். அலமாரியில் இருந்த புத்தகங்களைப் பார்த்து வியந்தார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க எழுதுனத படிச்சேங்கய்யா. சுத்தமான தமிழ். அது அப்படியே இருக்கட்டும். திருத்தம் கிருத்தம்னு ஏதும் போட வேணாம். எங்க தங்கச்சி சினிமா பாத்துட்டு ஏதாச்சும் பேசும், சின்னதுலேருந்தே அப்படித்தான். மாப்ளைக்கு வந்த பேச்ச நாங்க பாத்துக்கறோம்."

என் தவறு அவருக்கு வசதியாக இருந்தது. அது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எழுந்துகொண்டே, என் மருமகள் ஸ்கூட்டியில்தானே பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறாள் என்று விசாரித்தார். "சிமெண்ட் லாரி ஜாஸ்திங்கய்யா நம்ம ரோட்டுல. பாத்து போகச் சொல்லுங்க." வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி, "முந்திரிய நெய்யில வறுத்து சாப்பிடுங்க, நல்லா இருக்கும்" என்றார்.

நான் திருத்தம் போடவில்லை. அடுத்த இதழில் போடலாம் என்று தள்ளினேன். அச்சகத்தில் வேலை அதிகம் என்று அந்தப் பெண்மணியிடம் பொய் சொன்னேன். மனைவியிடம் வந்தவர் யார் என்று சொல்லவில்லை. அந்த முந்திரியை நாங்கள் சாப்பிட்டோம்.

அவர் காத்திருக்காமல் தனியாகவே காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறார். நான் எழுதியது அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அதிகாரி போனில் அதைக் காட்டி, இங்கே கணவர் வீடு என்கிறீர்கள், இப்போது அண்ணன் வீடு என்கிறீர்கள், எந்த வீடு என்று முதலில் முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். இதை எனக்குப் போனில் சொன்னபோதும் அவர் குரல் ஏறவில்லை. நான் அடுத்த வாரம் என்றேன்.

அடுத்த திரையிடலுக்கு அவர் வந்தார். இந்த முறை கணவரும் மாடி ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வேலை இல்லாதவருக்குக் கீழே நிற்க என்ன இருக்கிறது? பிரெஞ்சுப் படம். ஒரு சிற்றூர், ஒரு கொடியவன், அவனைப் பற்றி எல்லாம் அறிந்த நல்ல டாக்டர் ஒருவர். அவர் ஒவ்வொரு முறையும் போலீசுக்குச் சொல்லக் கோட்டு மாட்டுகிறார், வாசல் வரை வருகிறார், பிறகு விடிந்ததும் போகலாம் என்று கழற்றி வைக்கிறார். படம் முடிந்தது. எல்லோரும் கொடியவனாக நடித்தவரைப் பாராட்டினார்கள்.

"எனக்கு அவன விட அந்த டாக்டரத்தான் பிடிக்கல" என்றார் அவர். "நல்லவருதான். ஆனா அவருக்கு எல்லாத்துக்கும் நாளைக்கு இருக்கு."

அவர் ஜாடை பேசுகிறவர் அல்ல. என்னைச் சொல்ல நினைத்திருந்தால் என் பெயரைச் சொல்லியே பேசியிருப்பார். படத்தைப் பற்றித்தான் சொன்னார். எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

மறுநாள் காலை அச்சகம் திறந்ததும் போய் நின்றேன். ஒரே பக்கம். அவர் பேசிய வாக்கியங்களை அவர் பேசியபடியே, 'வூட்டுல', 'சாப்புட்டோம்', 'சொன்னோம்' எல்லாம் அப்படியே போட்டு, சொன்னது பிறந்த வீட்டை என்றும், முன்பு வந்தது நான் என் இஷ்டத்துக்கு மாற்றியது என்றும் என் பெயரும் கையொப்பமும் வைத்து எழுதினேன். அரியலூருக்குப் போய் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். மருந்து வாங்க நின்ற வரிசையை நிறுத்திவிட்டு, கூண்டுக்குள்ளிருந்தபடியே ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "இது நான் சொன்னது" என்று திருப்பிக் கொடுத்தார். அங்கிருந்தே குழுவுக்கும் அனுப்பினேன். இருவரும் காவல் நிலையம் போனோம்.

அதிகாரி இரண்டையும் மேசை மேல் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டுல எது சார் சரி?"

"இரண்டாவது."

"முதல்ல போட்டதையும் சரின்னுதான போட்டீங்க?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? ஆனாலும் அவர் என் வயதைப் பார்த்தோ என்னவோ, இரண்டு பெண் காவலர்களை அனுப்பினார். நாங்கள் ஒரு வாடகைக் காரில் பின்னால் போனோம்.

புதிய டைல்ஸ் போட்ட பெரிய வீடு. அண்ணன் எல்லோருக்கும் நாற்காலி போடச் சொன்னார். அந்தப் பெண்ணை அழைத்தார்கள். தலை வாரி, பொட்டு வைத்து, வந்து நின்றாள். படிக்க இஷ்டமில்லாமல் தானே நின்றுகொண்டதாகவும், தனக்கு ஒரு குறையும் இல்லையென்றும் சொன்னாள். சொல்லும்போது அவள் கண் அப்பாவின் கால்விரல்களில் இருந்தது. காவலர்கள் அதை எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள். வேறு வழியில்லை. ஜீப் கிளம்பத் தயாரானது.

அப்போது அவர், பையிலிருந்த செருப்பைக் காலில் மாட்டுவதற்குப் பதிலாக, பையோடு வாசற்படி ஏறினார்.

"அம்மாவ பாத்து ரொம்ப நாளாச்சுண்ணே. கொஞ்ச நாள் இருந்துட்டு போறேன்."

காவலர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனால் மறுக்க முடியவில்லை. "உன் வூடுதானம்மா, கேக்கணுமா" என்றார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, கணவரிடம் சொல்லிவிடச் சொன்னார். உள்ளே போனார். அவருடைய அக்கா இறந்தபின் மேல்படிப்புக்கென்று கிளம்பிய நாளிலிருந்து, கல்யாணச் சடங்குகளுக்குத் தவிர அவர் அந்தப் படி ஏறியதில்லை என்று பிறகு கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

லீவு போட்டுவிட்டு அங்கேயே இருந்தார். அந்தப் பெண்ணின் அறையிலேயே படுத்துக்கொண்டார். சில நாள் போன் செய்வார். அந்த வீட்டைப் பற்றியும் ஒரு படத்தைப் பற்றிப் பேசுவதைப் போலவேதான் பேசுவார். அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை, என்னை அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்றார். அண்ணி குழம்பில் உப்பு போட மறக்கிறாள், பயம்தான் காரணம் என்றார். அண்ணன் தினமும் காலையில் எழுந்து கூடத்துக்கு வந்து என்னைப் பார்க்கிறார், இன்னும் இருக்கிறாளா என்று பார்க்கிறார் என்றார். கடைசியில், "பொண்ணு நேத்து ரெண்டு இட்லி சாப்புட்டுச்சு" என்று முடிப்பார்.

ஒருநாள் காலை பெண் வெளியே வந்துவிட்டாள். அத்தை அவளைக் கொல்லைப்புறமாகக் கூட்டிவந்து பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார். என் திருத்தத்தைப் படித்த பஸ் முதலாளி அதற்குள் கணவரை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டிருந்தார். கணவர் அரியலூரில் அவளை எதிர்கொண்டு, பெரம்பலூர் வரை தன் பஸ்ஸிலேயே கொண்டுவந்து, நெடுஞ்சாலையில் சென்னை பஸ் ஏற்றினார். நானும் நின்றேன். அவள் இப்போது ஒரு விடுதியில் இருக்கிறாள். எந்த ஊர் என்று எழுதமாட்டேன்.

நீங்களும் கூடவே வந்திருக்கலாமே என்று அன்று இரவு போனில் கேட்டேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணா காணோம்னா ஒடனே தேட ஆரம்பிச்சிடுவாங்க சார். நான் இங்க இருந்தாத்தான, பொண்ணு தூங்குதுன்னு சொல்லிக்கிட்டு இருக்கலாம்? ராத்திரி வரைக்கும் சமாளிச்சிட்டேன்."

அதன்பிறகு என்ன ஆயிற்று, அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்பதற்குள் போன் துண்டித்துவிட்டது. பிறகு அவர் எண் அணைந்தே கிடந்தது. கணவர் இரண்டு முறை போனார். வாசலிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார்களாம். தங்கச்சிக்கு ஒன்றுமில்லை, அம்மாவுக்குத்தான் முடியவில்லை, பக்கத்தில் ஆள் வேண்டும், பத்து நாளில் நாங்களே கொண்டுவந்து விடுகிறோம் என்றார்களாம். உள்ளே போய் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்றதற்கு, தூங்குகிறாள் என்றார்களாம்.

நேற்று மாலை அவர் எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அவர்தான் பேசினார். குரல் தெளிவாக இருந்தது. நான் பதறிப்போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே, ஓரெழுத்து மாற்றாமல் எழுதிக்கொண்டேன்.

"நல்லா இருக்கேன் சார். எல்லாரும் என்னை ரொம்ப நல்லா பாத்துக்கறாங்க. அண்ணன் தங்கமா பாத்துக்கறாரு. இந்த மாசம் என்ன படம் போட்டீங்க? எல்லாமே நல்ல படம்தான் சார். அவருகிட்ட கவலப்பட வேணாம்னு சொல்லுங்க."

இந்தப் பேச்சை ஒரு காவல் அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டினால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிடுவார். நானே இரண்டு விதமாக எழுதிப் பெயர் கெடுத்துக்கொண்டவன். என் பேச்சு அங்கே எடுபடாது. அவரை அறிந்தவர்களுக்குத்தான் இது உதவி கேட்டு வந்த குரல் என்று புரியும். அறியாதவருக்கு அவரை முதலில் அறிமுகப்படுத்த வேண்டும். அதற்காகத்தான் விடிய விடிய உட்கார்ந்து இத்தனையும் எழுதினேன். இதை எடுத்துக்கொண்டு போக முதல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கீழே அவர் கணவர் வந்து நிற்கிறார்.